வந்தாரா, வந்தாராமா?

வாசகர் கேள்வி – பதில்

நாகை மாவட்டத்துக் கத்தோலிக்கத் தொடக்கப் பள்ளிகளில் 34 ஆண்டுகள் பாடம் நடத்தி, தலைமை ஆசிரியையாக 2016-இல் ஓய்வு பெற்ற டீச்சர், பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லித்தருவது பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறார்.

அன்புள்ள டீச்சர், ஒரு சிஸ்டர்மார் பள்ளியில் ஜூன் மாதம்தான் வேலைக்குச் சேர்ந்தேன். நாலாம் வகுப்பு. தமிழும் கணக்கும் ஓடிவிடுகின்றன. மூவேந்தர் என்று ஆரம்பித்தால் மட்டும் பிள்ளைகள் ஜன்னலைப் பார்க்கிறார்கள். "ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி" என்றேன். ஒரு பையன் எழுந்து, "எங்க அப்பாயி அப்ப இருந்தாங்களா?" என்கிறான். சிரிப்பதா, அழுவதா?
– இளம் ஆசிரியை, திருத்துறைப்பூண்டி

சிரிங்க தங்கச்சி. ஆனால் அவனை உட்காரச் சொல்லிவிடாதீர்கள், அவன் கேட்டது நல்ல கேள்வி. ஒன்பது வயதுப் பிள்ளைக்குப் போன பொங்கல் தெரியும். 'நான் பாப்பாவா இருந்தப்ப' தெரியும். அதற்கு அந்தப் பக்கம் அப்பாயி காலம். அதையும் தாண்டினால் ஒரே கும்மிருட்டு. அந்த இருட்டில் கரிகாலனும் காந்தியும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள்.

நான் ஒரு கயிறு வைத்திருந்தேன். துணி காயப்போடுகிற வெள்ளைப் பருத்திக் கயிறு, இருபத்திரண்டு அடி. ஒரு அடிக்கு நூறு வருஷம். வராந்தாவில் தூணுக்குத் தூண் இழுத்துக் கட்டுவேன். இன்றைய நுனியை ஒரு பிள்ளை பிடித்துக்கொள்ளும். "உன் வயசு எத்தனை?" "ஒம்பது டீச்சர்." ஒரு இஞ்சுக்குக் கொஞ்சம் கூட, அங்கே சிவப்பு நூல். அப்பா நாலு இஞ்ச். அப்பாயி எட்டு இஞ்ச். சுதந்திரம் வந்த 1947 ஒன்பதரை இஞ்சுக்குப் பக்கத்தில். கையை விரித்து வைத்தால் அப்பாயியும் சுதந்திரமும் ஏறக்குறைய ஒரு சாணுக்குள் அடங்கிவிடுவதை முதல் தடவை பார்க்கும்போது பிள்ளைகள் கப்சிப்பென்று ஆகிவிடுவார்கள்.

அப்புறம் நடக்கவிட வேண்டும். தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் இறங்கிய 1620 நாலு அடியில். தஞ்சாவூர்ப் பெரிய கோயில் முடிந்த 1010 பத்து அடி தாண்டி. இயேசு சாமி இருபது அடியில், எங்கள் பள்ளியில் தண்ணீர்ப் பானை இருந்த மூலை. உங்கள் பையனுடைய அப்பாயிக்கும் ராஜராஜனுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்பதை அவனே நடந்து பார்த்துக்கொள்வான்.

கல்லணை கட்டிய கரிகாலனுக்கு எங்கே முடிச்சுப் போடுவது? இன்ன வருஷம் என்று சொல்ல முடியாத ஆள். பதினெட்டு, பத்தொன்பது அடிப் பக்கம் ஒரு முழ நீளத்துக்குச் சொட்டு நீலத்தைத் தடவிவிட்டோம். முடிச்சு என்றால் உறுதி, நீலம் என்றால் உத்தேசம். இதை ஒரு தடவைதான் சொன்னேன். அதன் பிறகு எதைச் சொன்னாலும் "முடிச்சா, நீலமா டீச்சர்?" என்று கேட்டே என்னைத் திணறடித்தார்கள்.

ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒருவர் கயிறு நெற்றியில் பட்டு நின்று, "கொடியில துணியைக் காணோமே?" என்றார். ஒரு மூன்றாம் வகுப்புச் சிறுமி அவரிடம் வயசைக் கேட்டு, கயிற்றில் அவர் எங்கே வருவார் என்று காட்டிக்கொடுத்தாள். வருகைப் பதிவேட்டைப் பார்க்காமலே போய்விட்டார்.

ஒன்று மட்டும் கவனம். வருஷா வருஷம் நுனியில் கயிறு வளரவேண்டும். ஒரு வருஷம் ஒரு நெல்லின் அகலம்தான். ஆனால் 2004 டிசம்பர் 26, அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலை, எனக்கு இன்னும் நேற்றுப் போல் இருக்கிறது. இன்றைய பிள்ளைகளுக்கு அது அவர்கள் பிறப்பதற்கு முந்திய சங்கதி, நுனியிலிருந்து இரண்டரை இஞ்ச் தள்ளி ஒரு முடிச்சு. "சுனாமின்னா பெரிய அலையா டீச்சர்?" என்று வேளாங்கண்ணிப் பக்கத்துப் பிள்ளையே கேட்கிறது.

வருஷங்களை மனப்பாடம் செய்யச் சொல்ல வேண்டுமா, வேண்டாமா?
– பெற்றோர், மன்னார்குடி

நாலைந்து போதும். அதுவும் ஒரு கதையைத் தொங்கவிட ஆணி வேண்டுமே என்பதற்காக. 1930 என்று வெறுமனே சொன்னால் அது ஃபோன் நம்பர். திருச்சியிலிருந்து ராஜாஜியும் தொண்டர்களும் ஏப்ரல் 13-ஆம் தேதி கிளம்பி, தஞ்சாவூர், கும்பகோணம், உங்கள் மன்னார்குடி வழியாக வேதாரண்யத்துக்கு உப்பு அள்ள நடந்தார்கள். அவர்களுக்குச் சோறு போடக் கூடாது, தங்க இடம் தரக் கூடாது என்று கலெக்டர் தார்ன் உத்தரவு போட்டார். ஜனங்கள் சோற்றைப் பொட்டலம் கட்டிச் சாலையோர மரக்கிளைகளில் தொங்கவிட்டார்கள். கையில் கொடுத்தால்தானே குற்றம்! ஏப்ரல் 30-ஆம் தேதி உப்பு அள்ளினார்கள்.

இதைச் சொல்லி முடித்ததும் என் வகுப்பில் எழுந்த முதல் சந்தேகம், "புளிச்சோறா, தயிர்ச்சோறா?" அந்த வெயிலில் தயிர்ச்சோறு தாங்குமா என்று ஒரு பட்டிமன்றமே நடந்தது. யாரும் 1930-ஐ மறக்கவில்லை.

என் மகளின் ஐந்தாம் வகுப்பு டீச்சர் உங்களிடம் பயிற்சி எடுத்தவராம். எழுத்தோ கல்வெட்டோ பதிவேடோ இருந்தால் 'வந்தார்', வாய்வழி வந்தது என்றால் 'வந்தாராம்' என்று பிரித்து எழுதச் சொல்கிறார். மோர்க்காரப் பையனுக்கு ஆரோக்கிய மாதா காட்சி கொடுத்ததை என் மகள் 'கொடுத்தாராம்' என்று எழுதியிருக்கிறாள். நாங்கள் மூன்று தலைமுறையாகக் கொடியேற்றத்துக்கு வேலை செய்கிற குடும்பம். மனசு கஷ்டமாக இருக்கிறது. 'ஆம்' போட்டால் பொய் என்றுதானே அர்த்தம்?
– ஒரு தகப்பனார், வேளாங்கண்ணி

இல்லை தம்பி. உங்கள் தாத்தா முதல் கொடியேற்றத்துக்கு வந்த கதையை வீட்டில் எப்படிச் சொல்வீர்கள்? "அப்ப ரோடே கிடையாதாம், தாத்தா வயக்காட்டு வரப்புலேயே நடந்து வந்தாராம்." தாத்தாவைப் பொய்யர் என்றா சொல்கிறீர்கள்? நான் பார்க்கவில்லை, பார்த்தவர் சொல்லிக் கேட்டேன் என்கிறீர்கள். அவ்வளவுதான் அந்த 'ஆம்'. நம்பாதவன் 'ஆம்' போட மாட்டான், "ஆமா, வந்து கிழிச்சார்" என்பான். நம் பாஷை ஒரு விகுதியில் செய்துவிடுகிற வேலையை நாம் ஏன் வகுப்பறையில் பயன்படுத்தக் கூடாது?

மாதா பால்காரப் பையனிடம் பால் கேட்டாராம். நடுத்திட்டில் கால் ஊனமான மோர்க்காரப் பையன் எழுந்து நடந்தானாம். புயலில் சிக்கிய போர்ச்சுக்கீசிய மாலுமிகள் செப்டம்பர் 8-ஆம் தேதி கரை சேர்ந்தார்களாம். அந்தக் கோயிலை 1962-இல் திருத்தந்தை 23-ஆம் யோவான் பசிலிக்காவாக உயர்த்தினார். கடைசி வரிக்கு மட்டும் 'ஆம்' இல்லை, ரோமாபுரியில் காகிதம் இருக்கிறது. தோமையார் கி.பி. 52-இல் வந்தாராம். கும்பகோணத்தில் அமுதக் குடம் உடைந்ததாம். எல்லாருக்கும் ஒரே அளவுகோல். என் வகுப்பில் நாற்பது பிள்ளைகள் என்றால் இருபத்தைந்து பேர் மாரியம்மன் கோயிலில் கூழ் குடிக்கிற பிள்ளைகள். எங்கள் கதைக்கு மட்டும் முடிச்சு, அவர்கள் கதைக்கு நீலம் என்றால் என்ன நியாயம்?

சில 'ஆம்'களைப் போய்ப் பார்த்துவிட முடியும். பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாதாம். சுற்றுலாவில் சாயங்காலம் நாலு மணிக்குக் கொண்டுபோய் நிறுத்தினேன். நிழல் ஜம்மென்று விழுந்து கிடந்தது. பிள்ளைகள் அதன்மேல் ஏறிக் குதித்தார்கள். அதே கோயில் சுவரில் யார் யார் என்னென்ன கொடுத்தார்கள் என்று ராஜராஜன் வெட்டி வைத்திருப்பதற்கு யாரும் 'ஆம்' போட வேண்டியதில்லை.

இனி உங்கள் மனக் கஷ்டத்தின் அடிவேருக்கு வருகிறேன், எனக்கும் அது நேர்ந்தது. இந்த முறையை ஆரம்பித்த இரண்டாம் வாரம், ஈஸ்டர் முடிந்த சமயம், கடைசி வரிசையிலிருந்து ஒரு பையன் கேட்டான்: "டீச்சர், இயேசு சாமி உயிர்த்தாரா, உயிர்த்தாராமா?"

நான், "வாயை மூடிக்கிட்டு உட்கார்" என்றேன்.

அவன் உட்கார்ந்துவிட்டான். குறும்புக்குக் கேட்டவனில்லை. பூசைக்கு உதவி செய்கிற பையன். நான் போட்ட கணக்கை எனக்கே போட்டுக் காட்டினான், அவ்வளவுதான். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் மாலை ஜெபத்தில் விசுவாசப் பிரமாணம் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. அந்தச் செபம் 'நடந்தது' என்று முடியவில்லை, 'நடந்ததாம்' என்றும் முடியவில்லை. 'விசுவசிக்கிறேன்' என்று முடிகிறது. வினைமுற்று நம்முடையது. நான் பொறுப்பேற்கிறேன் என்று அர்த்தம்.

இன்னொன்றும் அதில் இருக்கிறது. பரலோகம், பரிசுத்த ஆவி என்று போகிற செபத்தின் நடுவில் திடீரென்று ஒரு ரோமாபுரி அதிகாரியின் பெயர்: பொந்தியு பிலாத்து. அவன் பெயர் வெட்டிய கல் 1961-இல் செசரியாவில் தோண்டி எடுக்கப்பட்டது. அது முடிச்சு. ஆக, ஒரே செபத்துக்குள் முடிச்சும் விசுவாசமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன.

மறுநாள் பலகையில் மூன்று பத்தி போட்டேன். வந்தார். வந்தாராம். வந்தார் என்று விசுவசிக்கிறேன். அந்தப் பையனை எழுப்பி, எல்லாருக்கும் முன்னால் மன்னிப்புக் கேட்டேன். "எந்தப் பத்தியில எழுதலாம், நீயே சொல்லு" என்றேன். மூன்றாவதைக் காட்டினான். பக்கத்திலிருந்த இந்துச் சிறுமி, "நான் அதுல எழுத வேணாமில்ல டீச்சர்?" என்றாள். வேண்டாம் என்றேன். "ஆனா அவங்க விசுவசிக்கிறாங்கன்னு முதல் பத்தியில எழுதலாம், அது உனக்கே தெரியுமே" என்றேன். பங்குச் சாமியாரின் காதுக்கு விஷயம் போயிற்று. என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் பிலாத்துவின் கல்லை எடுத்துக்கொண்டார், என் பெயரைச் சொல்லாமல்.

உங்கள் மகள் நோட்டில் மோர்க்காரப் பையன் இரண்டாம் பத்தியிலேயே இருக்கட்டும் தம்பி. கொடியேற்றத்தன்று அவள் மூன்றாம் பத்தியில் நிற்பாள்.

டீச்சரம்மா, நாற்பது வருஷம் உபதேசியாராக இருந்தவன். நாகப்பட்டினத்தில் பழைய புத்தர் கோபுரத்தை இடித்தது நம் சேசு சபைக் குருக்கள்தான் என்று பேரன் எதிலோ பார்த்துவிட்டு என்னிடம் சண்டைக்கு வருகிறான். உண்மையாகவே இருக்கட்டும், இதைப் பத்து வயதுப் பிள்ளைகளிடம் சொல்லித்தான் ஆகவேண்டுமா? நம் வீட்டுக் குப்பையை நாமே தெருவில் கொட்டுவதா?
– ஓய்வு பெற்ற உபதேசியார், நாகப்பட்டினம்

உபதேசியார் அய்யாவுக்கு ஸ்தோத்திரம். பேரன் பார்த்தது உண்மைதான். நான் ஐந்தாம் வகுப்பில் ஒவ்வொரு வருஷமும் சொன்னேன். நாகப்பட்டினத்துப் பிள்ளைக்கு அதைவிடப் பெரிய கதை வேறென்ன இருக்கிறது?

எங்கிருந்து ஆரம்பிப்பேன் தெரியுமா? நெல்லிலிருந்து. கடல் கடந்து, இன்றைய மலேசியாப் பக்கத்துக் கடாரத்து ராஜா நாகப்பட்டினத்தில் ஒரு புத்த விகாரம் கட்டினார். பெயர் சூடாமணி விகாரம். சிவபக்தனான ராஜராஜன், அந்தப் புத்தர் கோயிலுக்கு ஆனைமங்கலம் என்ற ஊரின் வருமானத்தை எழுதி வைத்தான். தொண்ணூற்றேழு வேலிச் சொச்சம் நிலம். பிள்ளைகளுக்கு வேலி என்றால் புரியாது, மா என்றால் நம் ஊர்ப் பிள்ளை பிடித்துக்கொள்ளும். இருபது மா ஒரு வேலி, ஆறரை ஏக்கருக்குக் கொஞ்சம் கூட. "உங்க வீட்டுக்கு எத்தனை மா?" "மூணு மா டீச்சர், குத்தகை." அப்படியானால் தொண்ணூற்றேழு வேலி உன் வயலைப்போல எத்தனை? கணக்குப் பாடமும் முடிந்தது. இந்தக் கொடையை எழுதிய 21 செப்பேடுகளைச் சோழ முத்திரை வைத்த வளையத்தில் கோத்திருந்தார்கள். டச்சுக்காரர்கள் தங்கள் நாட்டு லெய்டன் நகரத்துக்குக் கொண்டுபோனதால் லெய்டன் செப்பேடு என்று பெயர். அப்புறம் ராஜராஜன் மகன் ராஜேந்திரன் அதே கடாரத்தின் மேல் 1025-இல் படையெடுத்தான். "அப்பாவுக்கு ஃபிரெண்டு, புள்ளைக்கு எதிரியா?" என்பார்கள். அண்ணன் தம்பி வரப்புத் தகராறைத் தினம் பார்க்கிற பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

விகாரத்தில் மிஞ்சிய செங்கல் கோபுரத்தைப் புதுவெளிக் கோபுரம் என்றார்கள். வெள்ளைக்காரர்கள் சீனக் கோயில் என்றார்கள். கப்பல்காரர்களுக்கு அது கரை அடையாளம். அந்த வட்டாரத்தில் 1856 முதல் புத்தர் படிமங்கள் மண்ணிலிருந்து வெளிவந்துகொண்டே இருந்தன, எழும்பூர் அருங்காட்சியகத்தில் இன்றும் பார்க்கலாம். 1867-இல், நாகப்பட்டினத்தில் கல்லூரி நடத்திக்கொண்டிருந்த சேசு சபையார், சர்க்காரிடம் அனுமதி வாங்கியே அந்தக் கோபுரத்தை இடித்தார்கள். 1883-இல் கல்லூரியைத் திருச்சிக்குக் கொண்டுபோனார்கள். திருச்சியில் அந்தக் கல்லூரி இன்னும் நடக்கிறது. இங்கே கோபுரம் இல்லை.

முதல் தடவை இதைச் சொன்னபோது வகுப்பு கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு புதுநன்மை வாங்கி ஒரு மாதம் ஆகாத ஒரு பெண் கேட்டாள்: "அந்தச் சாமியாருங்க பாவசங்கீர்த்தனம் பண்ணாங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். தப்பு என்று தெரிந்தால்தானே குருவிடம் பாவத்தைச் சொல்லிச் சங்கீர்த்தனம் பண்ணுவது? அவர்களுக்கு அது இடிந்த செங்கல் குவியலாகத்தான் தெரிந்தது என்றேன். உடனே இன்னொருவன், "எங்க தாத்தா கட்டின ஓட்டு வீட்டை இடிச்சுட்டு இப்ப மாடி கட்டுறோம், அது பாவமா?" என்றான். மணி அடிக்கும்வரை வாதம் ஓயவில்லை. அய்யா, எழுத்தாணி பிடித்த எந்தப் பண்டிதரும் அவ்வளவு நேர்மையாக அதைப் பேசியிருக்க மாட்டார்.

குப்பை என்கிறீர்கள். பேரன் எங்கோ பார்த்துவிட்டு வந்து உங்களிடம் சண்டை போடுகிறானே, அவனுடைய பள்ளியில் ஐந்தாம் வகுப்பிலேயே சொல்லியிருந்தால் சண்டைக்கு வந்திருக்க மாட்டான். "தெரியும் தாத்தா, பதினெட்டு பத்தொன்பது இஞ்சுல ஒரு முடிச்சு" என்றிருப்பான்.

நாங்கள் இந்துக்கள். பிள்ளை படிப்பது சாமியார் பள்ளி. ஞானோபதேச நேரத்தில் அவனை நன்னெறி வகுப்புக்கு அனுப்பிவிடுகிறார்கள், அதில் குறையில்லை. ஆனால் சமூக அறிவியல் நேரத்திலும் புனிதர் கதை ஓடுகிறதாம். கேட்டால் "அதுவும் வரலாறுதான்" என்கிறார்கள். சரியா?
– ஒரு தாயார், கும்பகோணம்

பாதி சரி. புனிதரோ, சாமியாரோ, நம் மண்ணில் கண்ணால் பார்க்கிற மாதிரி எதையாவது விட்டுப்போயிருந்தால் வரலாற்று மணியில் வரலாம். காட்சியும் புதுமையும் மட்டும்தான் என்றால் ஞானோபதேசத்தில் இருக்கட்டும்.

வீரமாமுனிவரை எடுத்துக்கொள்ளுங்கள். 1680-இல் இத்தாலியில் பிறந்த பெஸ்கி. கொள்ளிடத்துக்கு வடகரையில் ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதாவுக்குக் கோயில் கட்டினவர். நான் அவரைப் பலகையில் இரண்டே எழுத்தால் அறிமுகம் செய்வேன். 'எ' என்று எழுதித் தலையில் ஒரு புள்ளி வைப்பேன். அந்தக் காலத்தில் குறிலுக்குப் புள்ளி, நெடிலுக்கு ஒன்றுமில்லை. ஓலையில் அழுத்திப் புள்ளி வைத்தால் கிழியும், வைக்காவிட்டால் 'எடு'வா, 'ஏடு'வா என்று படிக்கிறவன் தவிக்கவேண்டும். ஒரு வாழை இலைத் துண்டையும் ஆணியையும் கொடுத்துப் பிள்ளைகளையே குத்தவிட்டேன். நாலாவது புள்ளியில் இலை கிழிந்தது. பெஸ்கி புள்ளியை எடுத்துவிட்டு நெடிலுக்குக் கால் இழுத்தார், ஒற்றைக் கொம்பை இரட்டைச் சுழி ஆக்கினார். இன்று உங்கள் பிள்ளை 'தேர்' என்று எழுதும்போது அந்தச் சுழி அவர் கை. 1732-இல் சதுரகராதி முடித்தார். இதில் உங்கள் பிள்ளைக்கு உபதேசம் எங்கே இருக்கிறது?

அதே மூச்சில் தரங்கம்பாடி அய்யரையும் சொல்லியாகவேண்டும். சீகன்பால்கு 1706 ஜூலை 9-ஆம் தேதி வந்திறங்கியவர். லுத்தரன், எங்கள் சபை இல்லை. 1715-இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சடித்து முடித்தார். நம் முனிவருக்கும் லுத்தரன்காரர்களுக்கும் ஆகவே ஆகாது, அவர்களை எதிர்த்துப் புத்தகமே எழுதினார். இரண்டு பேரின் சண்டையில் தமிழ் உரைநடைக்கு லாபம். நாகூர் தர்காவின் உயரமான மினாராவைக் கட்டிக் கொடுத்தவர் தஞ்சை மராட்டிய ராஜா பிரதாப சிங். இத்தனையும் வருகிற வகுப்பில் ஒரு வீரமாமுனிவரும் வந்தால் உங்களுக்கே நெருடாது. வராத வகுப்பு என்றால் பெற்றோர் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். பாடப்புத்தகம் அரசாங்கத்துடையது, அதில் இருப்பதை முதலில் நடத்தச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு.

கீழ்வேளூர் பக்கம் ஐந்தாம் வகுப்பு எடுக்கிறேன். பள்ளியில் கிறிஸ்துமஸ் குடில் வைக்கும்போது ஒரு மாணவி, "எங்க தாத்தா அன்னைக்குக் கேக் சாப்பிட மாட்டாரு, வெண்மணிக்குப் போவாரு" என்றாள். மற்ற பிள்ளைகள் ஏன் என்று கேட்டார்கள். நான் பேச்சை மாற்றிவிட்டேன். செய்தது சரியா?
– ஆசிரியர், நாகை மாவட்டம்

1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்டபோது எனக்குப் பத்து வயது. சில மைல் தள்ளி, அதிரசம் தின்றுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தேன். மறுநாள் அப்பா வாசலில் யாரிடமோ தாழ்ந்த குரலில் பேசினார். என்ன என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல, போய் விளையாடு." அந்த 'ஒண்ணுமில்ல' இன்னும் என் காதில் இருக்கிறது.

நானும் அதே தப்பைச் செய்திருக்கிறேன். செலவில்லாத சுற்றுலா என்று ஒரு வருஷம் பிள்ளைகளைக் கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனேன். ஊர்ப் பெயர் வேண்டாம். கல்லில் உள்ள வருஷங்களைப் படித்துக் கணக்குப் போடுவதுதான் வேலை. ஒருத்தன், "ஏன் டீச்சர் நடுவுல சுவர்?" என்றான். இந்தப் பக்கம் ஒரு சாதி, அந்தப் பக்கம் ஒரு சாதி. ஒரே மாதா, ஒரே பூசை, செத்த பிறகு சுவர். நான், "ஆடு மாடு வராம இருக்க" என்றேன். அவன் சுவரின் அந்தப் பக்கத்துப் பிள்ளை. அவனுக்குக் காரணம் தெரியும். எனக்குத் தெரிகிறதா என்றுதான் கேட்டான்.

ஆகவே அந்த மாணவி தாத்தாவைப் பற்றிச் சொன்னால் தொடரவிடுங்கள். எரிந்ததை வர்ணிக்க வேண்டாம், பத்து வயதுக்கு அது தேவையில்லை. கூலி ஜனங்கள் அறுப்புக் கூலி சில படி நெல் கூடக் கேட்டார்கள், சங்கம் வைத்தார்கள், அதற்காக மிராசுதாரரின் ஆட்கள் அவர்களைக் கொன்றார்கள், செத்தவர்களில் பெரும்பாலோர் பெண்களும் பிள்ளைகளும். நாலு வாக்கியம். பிறகு தாத்தா அன்றைக்கு என்ன செய்வார் என்று அந்தப் பெண்ணையே சொல்லவிடுங்கள். குடில் அங்கேயே இருக்கட்டும், அதில் படுத்திருப்பதும் கூலிக்காரன் வீட்டுப் பிள்ளைதான்.

டீச்சர், நான் நாலாம் வகுப்பு. எங்க டீச்சர் உங்களுக்கு எழுதச் சொன்னாங்க. வெள்ளைக்காரங்க இருந்தப்ப நீங்க எந்த கிளாஸ் படிச்சீங்க? நீங்க கயித்துல எங்க இருக்கீங்க?
– மாணவி, திருத்துறைப்பூண்டி

கண்ணு, வெள்ளைக்காரர்கள் போய்ப் பதினோரு வருஷம் கழித்துத்தான் நான் பிறந்தேன், 1958-இல். எட்டு இஞ்சில் பச்சை நூல் கட்டு. உன் அப்பாயி என்னைவிட உள்ளே இருக்கிறாரா, வெளியே இருக்கிறாரா என்று கேட்டு எழுது. அப்பாயி வயசு சொல்ல மறுத்தால், "பெரிய புயல் எது ஞாபகம் இருக்கு?" என்று கேள், சொல்லிவிடுவார்.